பித்தளை நேம் பிளேட்: முதலில் எட்சிங், அப்புறம் நிக்கல்

வாசகர் கேள்வி: கோவை கணபதி பக்கம் சிறிய நேம் பிளேட் பட்டறை வைத்திருக்கிறேன். 1.6 மி.மீ. பித்தளைத் தகட்டை வெட்டி, பஃபிங் செய்து (சக்கரத்தில் மெருகேற்றி), நிக்கல் பிளேட்டிங்குக்கு வெளியே கொடுத்து வாங்குகிறோம். அதன்மேல் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அமிலம் தாங்கும் மையை அடித்து, ஃபெரிக் குளோரைடில் எழுத்துகளைப் பள்ளமாக அரித்து (எட்சிங்), கறுப்பு பெயின்ட் நிரப்பித் தருகிறோம். சில மாதங்களாக வேலை சரியாக வரவில்லை. மை மூடிய இடத்திலும் ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளிகள். எழுத்தின் ஓரம் ரம்பப் பல்லாகத் தெரிகிறது. பள்ளத்தில் சிவப்பும் பழுப்புமாக ஒரு படலம். சில தகடுகளில் நிக்கல் தோல்போல் உரிகிறது. பேக் செய்து இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எழுத்தைச் சுற்றிப் பச்சைக் கறை. ஃபெரிக் குளோரைடை மாற்றினோம், மையை மாற்றினோம், பலன் இல்லை. கொஞ்சம் நைட்ரிக் ஆசிட் சேர்க்கச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். பித்தளையை நிக்கல் போடாமல் அரித்தால் இவ்வளவு மோசமாக வருவதில்லை. ஓர் ஆர்டர் முழுக்கத் திரும்பி வந்து பட்டறையில் கிடக்கிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

முதல் வேலையாக, நைட்ரிக் ஆசிட் கேனை ஃபெரிக் குளோரைடு தொட்டிப் பக்கமே கொண்டு போகாதீர்கள். பித்தளை இருக்கிற தொட்டியில் நைட்ரிக் சேர்ந்தால் செம்பழுப்புப் புகை கிளம்பும். அது நைட்ரஜன் டை ஆக்சைடு. மூச்சில் போன உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது, லேசான இருமலோடு நின்றுவிடும். பல மணி நேரம் கழித்து, வீட்டில் படுத்திருக்கும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். மூடிய பட்டறையில் வேலை செய்யும் பையன்கள் அதைச் சுவாசிக்கக் கூடாது. வேலைக்கும் அதனால் நன்மை இல்லை. நைட்ரிக் மையைத் தின்னும், அரிப்பு கரடுமுரடாகும், இருக்கிற புள்ளிகள் இன்னும் பெருகும்.

இனி உங்கள் தகட்டுக்கு வருவோம். கடிதத்தின் முக்கியமான தகவல் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது: நிக்கல் போடாத பித்தளையில் இவ்வளவு மோசமாக வருவதில்லை. அதே அமிலம், அதே மை, அதே ஆள். நடுவில் வந்தது நிக்கல் மட்டும்தான். அப்படியிருக்க, கோளாறை அமிலத் தொட்டிக்குள் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. உங்கள் ஐந்து குறைகளில் மூன்று, தகடு தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்பே அதில் இருந்தவை. அமிலம் அவற்றை வெளியே காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

கரும்புள்ளியை முதலில் எடுத்துக்கொள்வோம், உங்களை அதிகம் வாட்டுவது அதுதான். ஒரு சோதனை செய்யுங்கள். புள்ளி உள்ள தகடு ஒன்றின் மையை முழுக்கக் கழுவி எடுங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸால் ஒரு புள்ளியைப் பாருங்கள். பெரும்பாலும் வாய் மிகச் சிறியதாக, சுற்றிலும் நிக்கல் பளபளப்பு கெடாமல் இருக்கும். அப்புறம் 1200 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, விரலால் அந்த இடத்தை மெதுவாகத் தேயுங்கள். கொஞ்ச நேரத்தில் வாயைச் சுற்றியிருக்கும் நிக்கல் மெலிந்து உடையும். உள்ளே வாயைவிடப் பல மடங்கு அகலமான ஒரு குழி திறக்கும். குடத்தைப்போல வாய் குறுகி வயிறு பெருத்த குழி. அடியில் பித்தளை சிவந்தோ கறுத்தோ இருக்கும்.

இந்த வடிவமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஃபெரிக் குளோரைடு பித்தளையை வேகமாகத் தின்னும், நிக்கலை மெதுவாகத்தான் தின்னும். நிக்கல் பூச்சில் ஏற்கெனவே ஒரு துளை இருந்தால் அமிலம் அதன் வழியாக இறங்கி, கீழே பித்தளையைப் பக்கவாட்டில் குடைந்துகொண்டு போகும். துளை இல்லாத நிக்கலாக இருந்தால், மையில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலும் நிக்கலே கொஞ்ச நேரம் காவல் நிற்கும். தேய்த்துப் பார்க்கும்போது குழி இல்லாமல், மேலே அகலமாகவும் கீழே ஆழமில்லாமலும் இருந்தால் அது வெறும் மைக் கோளாறு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மையை மாற்றிக்கொண்டே இருந்தால் காசுதான் போகும்.

மைமேல் சந்தேகம் இருந்தால் இன்னொரு எளிய வழி உண்டு. ஒரே ஸ்கிரீனில் அடித்த நாலைந்து தகடுகளை வரிசையாக வையுங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் புள்ளி வந்தால் ஸ்கிரீனின் எமல்ஷனில் (அதன்மேல் பூசிய படலத்தில்) தூசி அடைத்திருக்கிறது, அதைத் தட்டி எடுத்துச் சரி செய்துகொள்ளலாம். தகட்டுக்குத் தகடு இடம் மாறினால் தூசி, எண்ணெய், அல்லது நிக்கலின் துளை. உறுதியாகத் தெரிந்துகொள்ள, நிக்கல் போடாத பித்தளை ஒன்று, நிக்கல் போட்டது ஒன்று, இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஸ்கிரீனில் அடித்து, ஒரே நேரத்தில் தொட்டியில் இறக்குங்கள். பித்தளை சுத்தமாக வந்து நிக்கல் மட்டும் புள்ளியோடு வந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

நிக்கலில் துளை எப்படி வருகிறது? இரண்டு வழி. ஒன்று, பூச்சு மெல்லியதாக இருப்பது. இரண்டு மூன்று மைக்ரான் நிக்கல் கண்ணுக்குக் கண்ணாடிபோலத் தெரியும், ஆனால் சல்லடை. பத்து மைக்ரானுக்கு மேல் போனால்தான் துளைகள் ஓரளவு மூடிக்கொள்ளும். இன்னொன்று, பிளேட்டிங் தொட்டியில் தகட்டின்மேல் ஹைட்ரஜன் குமிழி ஒட்டிக்கொள்வது. குமிழி உட்கார்ந்த இடத்தில் நிக்கல் ஏறாது, சுற்றி ஏறும், அதுவே குழியாகும். குமிழி ஒட்டாமல் வழுக்கிப் போகத்தான் தொட்டியில் வெட்டிங் ஏஜென்ட் போடுகிறார்கள். அது குறைந்தாலும், போரிக் அமிலம் குறைந்தாலும், பஃபிங் மெழுகும் எண்ணெயும் தொட்டியில் சேர்ந்தாலும், தகட்டை அசைக்காமல் தொங்கவிட்டாலும் குழி விழும். வாட்ஸ் கரைசல் எனப்படும் வழக்கமான நிக்கல் பிளேட்டிங் கரைசலில் போரிக் அமிலம் லிட்டருக்கு 30 முதல் 45 கிராம், பி.எச். 3.5 முதல் 4.5, வெப்பம் 45 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். உங்கள் பிளேட்டிங்காரரிடம் இந்த மூன்றையும் கடைசியாக எப்போது பார்த்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். கார்பன் போட்டு வடிகட்டி எவ்வளவு நாளாயிற்று என்பதையும் கேளுங்கள். அவரைக் குறை சொல்வதற்காக இல்லை. சாதாரண அலங்காரப் பொருளுக்கு அவருடைய பூச்சு போதுமானதாகவே இருக்கலாம். அமிலத்தில் இறங்கப்போகும் தகடு என்று அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

தடிமனை நீங்களே அளக்க முடியும், ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. பத்துக்குப் பத்து செ.மீ. தகடு ஒன்றைப் பிளேட்டிங்குக்கு அனுப்பும் முன் சுத்தமாகத் துடைத்து, நல்ல தராசில் மில்லிகிராம் வரை எடை போட்டுக் குறித்து வையுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி போடுங்கள். ஒரு சதுர டெசிமீட்டரில் ஒரு மைக்ரான் நிக்கல் 0.089 கிராம். இரு பக்கமும் சேர்த்து உங்கள் தகடு இரண்டு சதுர டெசிமீட்டர். ஆகவே எடை 0.9 கிராம் ஏறியிருந்தால் சராசரி 5 மைக்ரான். 0.3 கிராம்தான் ஏறியிருந்தால் 2 மைக்ரானுக்கும் குறைவு. இது சராசரிதான், ஓரங்களில் கூடவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். நேரத்தை வைத்தும் சரிபார்க்கலாம். சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியர் வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஏறுவது சுமார் 23 மைக்ரான், அதாவது பத்து நிமிடத்துக்கு நாலு மைக்ரான்கூட இல்லை. மூன்று நிமிடத்தில் எடுத்துவிட்டார் என்றால் என்ன ஏறியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, தோல் உரிவது. இது முழுக்க முழுக்க ஒட்டுதல் கோளாறு, உங்கள் தொட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பஃபிங் மெழுகு பித்தளையின் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும். கிரீஸ் நீக்கும் தொட்டி பலவீனமாக இருந்தால் மெழுகின்மேலேயே நிக்கல் ஏறிவிடும். பழைய பித்தளையை உருக்கி உருட்டிய தகட்டில் ஈயம் கலந்திருக்கலாம், அதைக் கந்தக அமிலத்தில் முக்கினால் ஈய சல்ஃபேட் மேலே படிந்து நிக்கலைப் பிடிக்க விடாது. அப்படிப்பட்ட தகட்டுக்கு ஃபுளோபோரிக் அமிலத்தில் முக்குவதும், முதலில் ஒரு மெல்லிய செம்புப் பூச்சு கொடுப்பதும்தான் முறை. பிளேட்டிங் நடுவில் மின்சாரம் நின்று மறுபடி வந்தாலும், முதல் அடுக்கு நிக்கல் தன்மேல் ஒரு மெல்லிய படலம் போர்த்திக்கொள்ளும், இரண்டாம் அடுக்கு அதில் ஒட்டாது. உரியும் தோலைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பித்தளை தெரிந்தால் சுத்தம் செய்ததில் குறை. அடியிலும் நிக்கலே பளபளத்தால் மின்சாரம் விட்டுவிட்டு வந்திருக்கிறது.

ஒவ்வொரு லாட்டிலும் ஒரு தகட்டைப் பலி கொடுக்க மனம் வர வேண்டும். வைஸில் பிடித்து 180 டிகிரிக்கு முன்னும் பின்னும் வளைத்து ஒடியுங்கள், ஒடிந்த ஓரத்தில் கத்தி முனையால் நெம்புங்கள். நிக்கல் விரிசல் விடலாம், அது தப்பில்லை. பித்தளையைவிட்டுக் கழன்று வந்தால் அந்த லாட்டைத் திருப்பி அனுப்புங்கள். அல்லது ஒரு துண்டை 250 டிகிரி அளவுக்குச் சூடாக்கிச் சட்டென்று பச்சைத் தண்ணீரில் போடுங்கள், ஒட்டாத இடமெல்லாம் கொப்புளமாக எழும்பும். மை அடித்து, அரித்து, பெயின்ட் நிரப்பிய பிறகு உரிவதைவிட, இந்த ஐந்து நிமிட வேலை மலிவு.

ரம்பப் பல் ஓரத்துக்கு வருவோம். பித்தளை வேகமாகவும் நிக்கல் மெதுவாகவும் கரைவதால், எழுத்தின் ஓரத்தில் பித்தளை உள்ளே போய்விடும், நிக்கல் மட்டும் கூரை இறவாரம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். மையைக் கழுவும்போது பிரஷ் பட்டு அது கண்டபடி உடைகிறது. உடைந்த வரிதான் ரம்பப் பல். ஆழம் கூடக்கூட இந்த நீட்டல் கூடும். அமிலத்தை மாற்றி இதைத் தீர்க்க முடியாது, இரண்டு உலோகமும் ஒரே வேகத்தில் கரையும் அமிலம் உங்கள் பட்டறை அளவில் கிடையாது. பளபளப்புக்காக நிக்கலின்மேல் குரோம் ஃபிளாஷ் (மிக மெல்லிய குரோம் பூச்சு) கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். குரோம் சில இடத்தில் அமிலத்தைத் தடுத்து நிற்கும், சில இடத்தில் விட்டுக் கொடுக்கும். எழுத்து ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் தொடாமலும் வரும். குரோம் இருக்கிறதா என்று தெரிய, தகட்டின் பின்பக்கம் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விடுங்கள். கொஞ்ச நேரத்தில் நுரைத்துப் பச்சையாக மாறினால் குரோம். நிக்கல் என்றால் அசையாமல் கிடக்கும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நான் உங்களுக்கு உண்மையில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வரிசையை மாற்றுங்கள். பித்தளையாக இருக்கும்போதே எட்சிங்கை முடித்துவிட்டு, அப்புறம் நிக்கலுக்கு அனுப்புங்கள். நீங்கள் எப்படியும் பள்ளத்தில் கறுப்பு பெயின்ட் நிரப்பப் போகிறீர்கள். பள்ளத்துக்கு அடியில் பித்தளை இருந்தால் என்ன, நிக்கல் இருந்தால் என்ன, யாருக்கும் தெரியப்போவதில்லை. நிக்கலை முன்னால் போடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தென்படவில்லை, பழக்கத்தைத் தவிர.

மாற்றிய பிறகு வேலை இப்படிப் போகும். பஃபிங்கை முதலிலேயே முழுமையாக முடித்துவிட வேண்டும், பின்னால் பஃப் சக்கரத்தில் பிடித்தால் எழுத்தின் ஓரம் மழுங்கும். அப்புறம் கிரீஸ் நீக்கம். தகட்டைக் கழுவித் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் அரை நிமிடம் ஒரே படலமாக நிற்க வேண்டும், தீவு தீவாகப் பிரிந்தால் மறுபடி கழுவுங்கள். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து மை அடித்து, மை தயாரிப்பாளர் சொன்ன சூட்டில் காயவிடுங்கள். எட்சிங் முடிந்து மையை நீக்கியதும், கீழே சொல்கிற மாதிரி அலசி, காய்ந்த பிறகு பிளேட்டிங்குக்கு அனுப்புங்கள். இப்போது நிக்கல் எழுத்தின் ஓரத்திலும் உள்சுவரிலும் சேர்ந்தே ஏறும். இறவாரம் இல்லை, குடைவு இல்லை, அமிலம் ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. பள்ளத்துக்குள் கரண்ட் குறைவாகப் போவதால் நிக்கல் அங்கே மெல்லிசாகத்தான் ஏறும். பெயின்ட் மூடப்போகும் இடம் என்பதால் அது குறையாகாது. கடைசியில் ஸ்டோவிங் பெயின்டை (சூட்டில் இறுகும் வகை) நிரப்பி, முகத்தைத் துடைத்துச் சூட்டில் வையுங்கள்.

வெள்ளை முகம், மஞ்சள் எழுத்து வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளரும் வருவார். அதற்கும் நிக்கலை முன்னால் போட வேண்டாம். அரித்த பள்ளத்தில் பிளேட்டிங்காரர்கள் பயன்படுத்தும், பூச்சு ஏறாமல் தடுக்கும் ஸ்டாப்-ஆஃப் லேக்கரை நிரப்பி, முகத்துக்கு மட்டும் நிக்கல் ஏற்றி, பிறகு லேக்கரைக் கரைத்து எடுத்துவிடலாம்.

சிவப்பும் பழுப்புமான படலம்தான் உங்கள் தொட்டியின் உண்மையான பங்கு. நீங்கள் ஒன்றாக எழுதியிருந்தாலும் அவை இரண்டு வேறு விஷயம். சிவப்பு என்பது செம்பு. சக்தி இழந்த கரைசலில் பித்தளையின் துத்தநாகம் முந்திக்கொண்டு கரையும், செம்பு பின்தங்கி மேலே சிவப்பாகத் தெரியும். சிலசமயம் கரைந்த செம்பே திரும்பி வந்து படியும். வெளுத்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது செம்பின் குளோரைடு, தண்ணீரில் கரையாது. பழுப்புச் சேறு என்பது இரும்பு. ஃபெரிக் குளோரைடு ஒட்டிய தகட்டை நேராகத் தண்ணீரில், அதிலும் கடினமான போர் தண்ணீரில், முக்கினால் இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரிந்து பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை காய்ந்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

சிவப்புக்கு மருந்து, சக்தி இழந்த கரைசலை மாற்றுவது. பழுப்புச் சேற்றுக்கு மருந்து அமில அலசல். தொட்டியிலிருந்து எடுத்த தகட்டை முதலில் 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அரை நிமிடம் அசைத்து எடுங்கள். அப்புறம்தான் தண்ணீர். தொட்டியிலும் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தால் சேறு கட்டாது. அதற்கு மேல் போட்டால் புகைதான் மிச்சம், பட்டறையில் உள்ள இரும்புச் சாமானெல்லாம் துருப்பிடிக்கும். தொட்டியின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் 38 முதல் 42 போமே (ஹைட்ரோமீட்டர் காட்டும் அடர்த்தி அளவு) வரையும், வெப்பத்தை 40 முதல் 50 டிகிரி வரையும் வைத்திருங்கள். தகட்டைப் படுக்கப் போட்டு முகம் மேலே பார்க்க வைத்தால் சேறு எழுத்துக்குள் உட்காரும். முகம் கீழே பார்த்தால் காற்றுக் குமிழி சிக்கி, வட்ட வட்டமாக அரிக்காத திட்டு வரும். செங்குத்தாகத் தொங்கவிட்டு, மீன் தொட்டிக்குப் போடுகிற மாதிரி ஏர் பம்ப் வைத்துக் கரைசலை அசைய விடுவது நல்லது.

எப்போது மாற்றுவது என்று பலரும் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதைவிடக் கணக்கு வையுங்கள். ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பில் 0.2 மி.மீ. ஆழம் அரித்தால் கரைவது 17 கிராம் பித்தளை. ஒரு லிட்டர் நல்ல கரைசல் ஐம்பது, அறுபது கிராம் வரை ஒழுங்காக வாங்கிக்கொள்ளும், அதற்கு மேல் மந்தமாகும். ஆகவே லிட்டருக்கு மூன்று சதுர டெசிமீட்டர் எழுத்துப் பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தகட்டின் முழுப் பரப்பு இல்லை, அரிக்கப்படும் எழுத்தின் பரப்பு மட்டும். தொட்டிப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கட்டும்.

இரண்டு நாள் கழித்து வரும் பச்சைக் கறை, உள்ளே மாட்டிக்கொண்ட குளோரைடு. நிக்கல் இறவாரத்தின் அடியிலும், நான் மேலே சொன்ன குழிகளிலும் ஒரு துளி அமிலம் தங்கிவிடுகிறது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, பித்தளையைத் தின்று, செம்பின் பச்சை உப்பாக வெளியே கசிகிறது. வரிசையை மாற்றினால் இது பெருமளவு தானாகவே நிற்கும். ஆனாலும் அலசலில் அவசரம் கூடாது. அமில அலசலுக்குப் பிறகு இரண்டு முறை தண்ணீர். அடுத்து 2, 3 சதவீத சலவைச் சோடாக் கரைசல், மறுபடி தண்ணீர், கடைசியில் சூடான தண்ணீர். முடிந்தால் இந்தக் கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், போர் தண்ணீர் காய்ந்தால் அதன் உப்பே புதுக் கறையாகும். பிறகு 80 முதல் 100 டிகிரி சூட்டில் காயவிடுங்கள். ஈரத்தோடு பெயின்ட் நிரப்பினால், கறையை நீங்களே உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள்.

பிளேட்டிங் கடைக்கும் உங்கள் பட்டறைக்கும் நடுவே தகடுகள் போய்வரும்போது ஒன்றை மறக்க வேண்டாம். அங்கே செம்புத் தொட்டி சயனைடு வகையாக இருக்கலாம். அமிலம் ஒட்டிய தகடு சயனைடு தொட்டியில் விழுந்தால் வருவது ஹைட்ரஜன் சயனைடு வாயு, அது ஆளைக் கொல்லும். அதனால் சோடாக் கரைசலில் நடுநிலையாக்கி, அலசி, நன்றாகக் காய்ந்த தகட்டை மட்டுமே அனுப்புங்கள். பழைய ஃபெரிக் குளோரைடையும் அந்தக் கடையின் சாக்கடையில் கொட்டச் சொல்லாதீர்கள். நம் ஊர் சாக்கடை கடைசியில் நொய்யலுக்கோ ஒரு குளத்துக்கோதான் போகிறது. தீர்ந்த கரைசலில் செம்பும் துத்தநாகமும், இப்போதைய உங்கள் முறையில் நிக்கலும் இருக்கின்றன. இரும்புத் துருவல் போட்டுச் செம்பைப் பிரித்தெடுக்கலாம். மிச்சத்தைச் சுண்ணாம்பால் பி.எச். 9 அளவுக்கு உயர்த்தினால் உலோகம் சேறாக அடியில் தங்கும். அந்தச் சேறு அபாயக் கழிவுக் கணக்கில் வருவது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற கழிவு மையத்துக்குத்தான் போக வேண்டும். தனியாக அனுப்ப அளவு போதாது என்றால், அருகில் உள்ள பிளேட்டிங் யூனிட்டுகளோடு சேர்ந்து அனுப்ப முடியுமா என்று வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். நிக்கலைக் கடைசியில் போட்டால் உங்கள் கழிவில் நிக்கலே வராது என்பது வரிசையை மாற்றுவதில் இன்னொரு லாபம்.

கடைசியாக, திரும்பி வந்து கிடக்கும் ஆர்டர். மூன்று குவியலாகப் பிரியுங்கள். உரிந்தவற்றையும், முகத்தில் கரும்புள்ளி உள்ளவற்றையும் காப்பாற்ற முனைய வேண்டாம். குழிக்கு மேலே பஃபிங் போட்டால் வாய்தான் அகலும். பித்தளை விலைக்குக் கொடுத்துவிடுங்கள். ஓரம் மட்டும் ரம்பமாக இருப்பவற்றில் பெயின்டை நீக்கி, நைலான் பிரஷால் ஓரத்தை அழுத்தித் தேய்த்து, மிச்சமிருக்கும் நிக்கல் நீட்டலையும் உதிர்த்துவிடுங்கள். எழுத்து ஒரு முடியளவு தடிக்கும், ஆனால் வரி நேராகும். பச்சைக் கறை மட்டும் உள்ளவைதான் நல்ல குவியல். பெயின்டை எடுத்து, 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அலசலில் தொடங்கிச் சூட்டில் காய்வதுவரை மேலே சொன்ன வரிசையை முழுக்கச் செய்யுங்கள். உடனே பெயின்ட் நிரப்பாமல், ஈரத் துணி வைத்த ஒரு மூடிய டப்பாவில் நாலைந்து தகடுகளை இரண்டு நாள் போட்டு வையுங்கள். பச்சை மறுபடி வரவில்லை என்றால் மற்றவற்றையும் நம்பிப் பெயின்ட் நிரப்பலாம். வந்தால் அந்த லாட்டும் முதல் குவியலோடு போகட்டும். வாடிக்கையாளருக்குப் புதுத் தகடு அடித்துக் கொடுங்கள், இந்த முறை நிக்கல் கடைசியில்.